யாரோ வீட்டுப் பூனை

கூடையைத் திறந்த உடனே அது தன் பூனை இல்லை என்று கண்டுபிடித்துவிட்டதாகக் கவுன்ட்டர் அக்கா யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. பீற்றிக்கொள்ளத்தான் ஆசை. நடந்ததோ வேறு. அன்று சாயங்காலம் நாய் ஆஸ்பத்திரியிலிருந்து கூடையைச் சுமந்து வந்து, கட்டிலோரம் பழைய போர்வையை விரித்து, காயத்தை நக்காதபடி கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு மயக்கம் தெளியாமல் கிடந்த அந்தக் கறுப்பு உருவத்தை அதில் படுக்கவைத்து, "என் தங்கமே, ரொம்ப நொந்துட்டியா?" என்று தடவிக் கொடுத்தவர் அவரேதான். தடவிய கையை அது நறுக்கென்று கடித்தது. அப்போதும்கூட, வலி தாங்காமல் கடிக்கிறது பாவம் என்றுதான் நினைத்தார். அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கவுன்ட்டர் அக்கா என்பது பேருந்து நிலையத்தில் அவருக்கு விழுந்த பெயர். நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் டயர் மாற்றும் கொட்டகைக்கும் நடுவே, கம்பி வலை அடித்த ஒரு ஜன்னல் இருக்கிறது. பேருந்தில் மறந்து விட்டுப்போன பொருளெல்லாம் கடைசியில் அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் வந்து சேரும். குடை, டிபன் பெட்டி, கல்யாணத்துக்கு எடுத்துப்போன புதுத்துணி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒருவரின் பல்செட். தொலைத்தவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சண்டைக்காரர்களாகத்தான் வருவார்கள். பையைத் தொலைத்தது தாங்கள் என்பது ஜன்னலை நெருங்குவதற்குள் அவர்களுக்கு மறந்துபோகும். ஏதோ அக்காதான் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து எடுத்து வந்துவிட்ட மாதிரி, "எங்கம்மா என் பை?" என்று வலையைப் பிடித்து ஆட்டுவார்கள்.

அக்கா அசையமாட்டார். "கறுப்புக் குடைன்னா இங்க ஒரு கட்டு கிடக்குது. உங்க குடைல அடுத்தவங்க குடைல இல்லாதது என்ன? அதைச் சொல்லுங்க" என்பார். பதில் சொன்னால் பொருள். சொல்லாவிட்டால், "யோசிச்சுட்டு வாங்க. நான் எங்கயும் போயிடல" என்று அடுத்தவரைக் கூப்பிடுவார். பகல் முழுக்க ஊரார் கோபத்தை வாங்கிப் போட்டுக்கொள்கிற அந்த வேலையில் தன் கோபத்தைக் காட்ட அவருக்கு இடமில்லை. வீட்டிலும் இல்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அரைநாள் இருட்டுக் குழிக்குள் கயிற்றையும் கப்பியையும் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கிறவர், வீட்டுக்கு வந்தும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? சுவரோடு கபடி ஆடினது போலத்தான் இருக்கும். மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். ஆக, அக்காவிடம் சேர்ந்துபோன கோபம் மூட்டை மூட்டையாக உள்ளேயே கிடந்தது.

மசியும் அந்த ஜன்னல் வழியாக வந்ததுதான். கடைசிப் பேருந்தின் பின்சீட்டில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்ததாக ஓட்டுநர் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மை கொட்டினது போல ஒரு குட்டி, கண் மட்டும் மினுங்கிக்கொண்டு. தேடி யாரும் வரவில்லை. கேட்பாரில்லாத பொருளை ஏலம் விடவேண்டும் என்பது விதி. "இதை ஏலத்துல வெச்சா நம்மளத்தான் சிரிப்பாங்க. நீங்களே தூக்கிட்டுப் போங்க" என்றார் மேற்பார்வையாளர். அக்கா தூக்கிக்கொண்டு வந்தார். மசி என்று பெயர் வைத்தார். வளர்ந்த பிறகும் மசி கத்தாது. பசித்தால் எதிரில் வந்து உட்கார்ந்து வாயை அகலத் திறக்கும், அவ்வளவுதான். "படம் ஓடுது, சவுண்டுதான் வரல" என்பார் கணவர். அந்த வீட்டில் ஓடிய ஒரே நகைச்சுவை அதுதான், அதுவும் தினசரிக் காட்சி.

நாய் ஆஸ்பத்திரி என்று சனங்கள் சொல்லும் அந்த இடம் கடைத்தெருவின் முனையில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பூனையோடு போனாலும் கிளியோடு போனாலும் பெயர் நாய் ஆஸ்பத்திரிதான். முன்னறையில் சுவரோரம் பெஞ்சுகள். பினாயில் வாசனையும் ஈர நாய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். எதிரே ஒரு நீலக் கதவு. அந்தக் கதவைத் தாண்டிப் பிராணிகள் மட்டும்தான் போகலாம், அவற்றின் சொந்தக்காரர்கள் போகக்கூடாது. "ஓனருங்க பக்கத்துல இருந்தா அதுங்க நடிக்கும்" என்பது டாக்டரின் கொள்கை. கெட்டிக்கார டாக்டர், அதை மறுக்க முடியாது. லாரியில் அடிபட்ட நாயைச் சாவின் வாயிலிருந்து இழுத்துப்போட்டவர் என்று பெஞ்சில் ஒருவராவது சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பெருமை டாக்டருக்கும் தெரியும். அதனால் அவர் யாருக்கும் இரண்டு தரம் பதில் சொல்வதில்லை.

வாரத்தில் ஒரு நாள் கருத்தடை ஆபரேஷன் நாள். காலையில் கொண்டுபோய் விட்டால் சாயங்காலம் திரும்பக் கொடுப்பார்கள். மசியை அப்படித்தான் விட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண் மசியின் சிவப்புக் கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கூண்டின் கைப்பிடியில் கட்டினாள். நீலக் கதவு திறந்தது, மூடியது.

வந்த பூனை முதல் இரவு முனகியது. மறுநாள் மயக்கம் முழுக்கத் தெளிந்ததும் கத்தத் தொடங்கியது. கத்தல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற கத்தல். அக்கா பால் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, மசி கத்துது."

"நல்லதுதானே? சவுண்டு வந்துடுச்சு" என்றார் கணவர்.

"விளையாடாதீங்க. இது மசி இல்ல."

கணவர் குனிந்து, புனலைச் சற்றே தூக்கி, கழுத்துக்குக் கீழே பார்த்தார். மசிக்கு நெஞ்சில் விரல்நுனி அளவுக்கு வெள்ளை முடி உண்டு. இதற்கும் இருந்தது. "இதோ பாரு வெள்ளை. பட்டையும் நம்ம சிவப்புப் பட்டைதான். வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்காங்க, அது பாட்டு பாடுமா? ரெண்டு நாள் விடு, சரியாயிடும்."

அக்கா வாயை மூடிக்கொண்டார். மனசு மூடவில்லை. கணவரின் வேலைச் சட்டை மேல் ஏறிப் படுப்பது மசியின் பழக்கம். இது அந்தச் சட்டையைக் கண்டாலே சீறியது. கட்டிலுக்குக் கீழே கடைசி மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டு, வாசல் கதவையே பார்த்தபடி, வீடு அதிரக் கத்தியது. அந்தப் பார்வையை அக்காவுக்குத் தெரியும். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, தன் பொருள் அலமாரியில் இல்லை என்று தெரிந்த பிறகும் நகராமல் நிற்கிறவர்களின் பார்வை. இது இங்கே இருக்கிறது என்றால், மசி எங்கே இருக்கிறது? எந்த வீட்டுக் கட்டிலுக்குக் கீழே, எந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு? கத்தவும் தெரியாதே அதற்கு!

மறுநாள் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெஞ்சில் கூட்டம். ரிசப்ஷன் பெண் கூடையை எட்டிப்பார்த்துச் சிரித்தாள். "மேடம், உங்க மசிதான். வெள்ளைப் புள்ளி இருக்கே!"

"நீ டாக்டரைக் கூப்பிடும்மா."

டாக்டர் கையுறையோடு நீலக் கதவை அரைவாசி திறந்துகொண்டு நின்றபடியே கேட்டார். முழுசாக வெளியே வரவில்லை. "என்னம்மா, தையல் விட்டுப்போச்சா?"

"தையல் நல்லாத்தான் இருக்கு. பூனைதான் என்னுது இல்ல."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இப்படி நிறைய பேர் வந்து சொல்வாங்கம்மா. மயக்க மருந்து கொடுத்தா கொஞ்ச நாள் குணம் மாறும்."

"என் பூனைக்குக் கத்தவே தெரியாது டாக்டர். இது தெருவையே எழுப்புது."

"தொண்டைக்குள்ள குழாய் விட்டுத்தான் மயக்கம் கொடுக்கிறோம். அதுல குரல் மாறும். இதெல்லாம் சகஜம்."

"இல்லாத குரல் எப்படி மாறும்?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் மறக்கவே முடியவில்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர் சிரிக்கிற சிரிப்பு. "சரிம்மா, இது உங்க பூனை இல்லைன்னா, உங்க பூனைகிட்ட இதுல இல்லாதது என்ன இருந்துச்சு? அடையாளம் ஏதாவது சொல்லுங்க, பார்ப்போம்."

வருஷக்கணக்காகத் தினமும் அடுத்தவரிடம் அக்கா கேட்ட கேள்வி. வெள்ளை முடி? இதற்கும் இருக்கிறது. வால்? அதே நீளம். கண்? அதே பச்சை. போனில் இருந்த படங்களைக் காட்டினார். எல்லாப் படத்திலும் கறுப்பாக ஒரு பொட்டலமும் அதில் இரண்டு விளக்கும்தான் தெரிந்தன. "என் சட்டை... எங்க வீட்டுக்காரர் சட்டை மேல படுக்கும்" என்று தொடங்கியவருக்கே அது கேனத்தனமாகப் பட்டது.

"ஓய்வெடுங்கம்மா, பூனையையும் ஓய்வெடுக்க விடுங்க" என்று நீலக் கதவு சாத்திக்கொண்டது.

அக்கா ரிசப்ஷனில் போய் நின்றார். "அன்னிக்கு வேற யாரு கறுப்புப் பூனை கொண்டுவந்தாங்க? அவங்க நம்பரைக் கொடு."

"அதெல்லாம் தரக்கூடாது மேடம். டாக்டர் திட்டுவார்."

"என் பூனையைத் தூக்கி எவனுக்கோ கொடுக்கலாம், அவனோட நம்பரை எனக்குக் கொடுக்கக்கூடாதா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

கம்பவுண்டர் ஒருவர் உண்டு அங்கே, நடுத்தர வயது, நீலக் கதவுக்குள் கூண்டு கழுவுவதும் மருந்து கொடுப்பதும் அவர்தான். தண்ணீர் வாளியோடு வந்தவர் அக்காவின் கூடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல நின்றுவிட்டு, வாளியோடு திரும்பிப் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது அது உறைக்கவில்லை.

பெஞ்சில் கிளிக்கூண்டை மடியில் வைத்திருந்த ஒரு பெண்மணி இடம் விட்டு நகர்ந்து உட்காரச் சொன்னார். "எனக்கும் இவருகிட்ட அனுபவம் இருக்கு. கிளி இருமுதுன்னு வந்தா, சீசன்னு சொல்லி அனுப்பிட்டார். என்ன சீசன்? இருமல் சீசனா?"

பக்கத்தில் நாய் வைத்திருந்தவர் குறுக்கே விழுந்தார். "அப்படிச் சொல்லாதீங்க. என் நாய் செத்துடுச்சுன்னே நாங்க அழ ஆரம்பிச்சுட்டோம். இந்த மனுஷன்தான் காப்பாத்தினார்."

"காப்பாத்தினவர் வாயைத் திறந்து பதில் சொல்லலாம்ல? கை ஓடுது, வாய் ஓடலியா?"

"ஆமா, வாய் கொஞ்சம் மோசம்தான்" என்று நாய்க்காரர் ஒத்துக்கொண்டார். நாயும் தலையைச் சொறிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்கா வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தார். கூடைக்குள்ளிருந்து அது கத்த, வெளியே இவர் கத்த, எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தங்கை போனில், "ஒரு பூனைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? இதுவும் பூனைதானே, இதையே வளர்த்துக்கோயேன்" என்றாள். "உன் புருஷனை மாத்திக் கொடுத்தாலும் இதுவும் புருஷன்தானேன்னு இருப்பியாடி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வைத்த பிறகு கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பூனையிடம் அக்கா கோபத்தைக் காட்டவில்லை. வேளாவேளைக்கு மருந்து கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம் கீறல் வாங்கினார். கை முழுக்கக் கோடு கோடாக ஆனது. "நீ என்ன செய்வ? நீயும் யாரோ வீட்டுப் பிள்ளைதானே" என்று கட்டிலுக்குக் கீழே மீன்துண்டைத் தள்ளிவிடுவார். கணவருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. ஒருநாள் அவரே, "அது என் சட்டையை மோந்துகூடப் பாக்கலம்மா. நீ சொன்னது சரிதான் போலிருக்கு" என்றார்.

"இப்பதான் விளங்குச்சா?"

"கோவப்படாதே. என்ன செய்யலாம் சொல்லு."

என்ன செய்வது என்று அக்கா யோசித்து வைத்திருந்தார். ஒரே நாளில் ஆபரேஷன் செய்த பூனைகளுக்கு ஒரே நாளில்தான் தையல் பிரிப்பார்கள். மசியை வைத்திருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அன்றைக்கு வந்தே ஆகவேண்டும். அதுவரை அவர்கள் மசியை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும், பிடிக்கவில்லை என்று தெருவில் விட்டுவிடாமல். அந்த ஒரு நினைப்புத்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

தையல் பிரிக்கும் நாளன்று ஆஸ்பத்திரி ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா வாசலில் நின்றார். முதல் டோக்கன் அவருக்குத்தான். பெயர் கூப்பிட்டபோது, "அடுத்தவங்க போகட்டும், நான் அப்புறம் போறேன்" என்றார். இரண்டாம் தரம் கூப்பிட்டபோதும் அதையே சொன்னார். ரிசப்ஷன் பெண் விழித்தாள். கிளிக்கூண்டுப் பெண்மணியும் நாய்க்காரரும் அன்றைக்கும் பெஞ்சில் இருந்தார்கள். கூடைக்குள் பூனை ஓயாமல் கத்தியது.

வெயில் ஏறும் நேரத்தில் ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரும் அவர் மனைவியும். அவர் கையில் வலைக்கதவு போட்ட பெட்டி. பெட்டியிலிருந்து சத்தமே இல்லை. மனைவி பெஞ்சில் உட்கார்ந்ததும், கேட்காதவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தார். "எங்க டைகரா இது, எங்களுக்கே நம்ப முடியல. முன்ன கத்தற கத்துல வீட்டை மாத்தலாமான்னு பார்த்தோம். ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஒரு சத்தம் கிடையாது. இவர் சட்டை மேல போய்ப் படுத்துக்குது. கைராசி டாக்டர்!"

அக்கா எழுந்தேவிட்டார். அவர் வாய் திறப்பதற்குள் கூடைக்குள் இருந்த பூனை முந்திக்கொண்டது. அந்தப் பெண்மணியின் குரலைக் கேட்டதும் அதுவரை கத்தியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு கத்தல். கூடை ஆடியது. கிளிகூட வாயை மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் முகம் வெளுத்தது. "ஏங்க... இது டைகர் சத்தம்."

"சும்மா இரு. எல்லாப் பூனையும் கத்தும்."

"நான் வளர்த்த பூனை சத்தம் எனக்குத் தெரியாதா?" அவர் ஓடிவந்து அக்காவின் கூடைக்கு முன்னால் குந்தினார். கூடைக் கம்பி வழியே ஒரு கறுப்புக் கை நீண்டு அவர் சேலையைப் பற்றி இழுத்தது. அக்கா பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். உள்ளே மசி உட்கார்ந்திருந்தது. அக்காவைப் பார்த்து வாயை அகலத் திறந்தது.

அக்கா அழுவார் என்று நினைத்திருந்தால் அது தப்பு. "டாக்டர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் நீலக் கதவு தானாகத் திறந்தது போலத்தான் இருந்தது.

டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, பழக்கம் விடவில்லை, "மயக்க மருந்துல குரல்..." என்று தொடங்கினார்.

"எங்ககிட்ட குழாய் போட்டதால குரல் போயிடுச்சுன்னீங்களே!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர் மனைவி.

"என்கிட்ட குழாய் போட்டதால குரல் வந்துடுச்சுன்னார்!" என்றார் அக்கா. "ஒரே குழாய் டாக்டர், ஒரு வீட்ல குரலைப் பிடுங்கும், இன்னொரு வீட்ல குரலைக் கொடுக்கும், அப்படித்தானே?"

நாய்க்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். டாக்டர் முகத்தில் ரத்தம் ஏறியது.

அப்போதுதான் கம்பவுண்டர் கதவோரம் வந்து நின்றார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஈரம் இல்லாவிட்டாலும். "தப்பு என்னுதுதாங்க" என்றார். "மயக்கத்துல இருக்கிற பூனைங்களுக்கு உடம்பு ஜில்லுனு ஆயிடும். சூட்டு விளக்குல வெக்கணும். இங்க எரியறது ஒரே விளக்குதான், இன்னொண்ணு ரிப்பேராகி ரொம்ப நாளாச்சு. ரெண்டும் நடுங்கிட்டிருந்துச்சு. எதை முதல்ல வெக்கறது, எதை விடறது? ரெண்டையும் சேர்த்து ஒரே கூண்டுல விளக்குக்குக் கீழ படுக்க வெச்சேன். ஒண்ணையொண்ணு கட்டிக்கிட்டுத் தூங்குச்சுங்க. சாயங்காலம் எடுக்கும்போது எது எதுன்னு எனக்கே தெரியல. ஒரு குத்துமதிப்பா பட்டையைக் கட்டிட்டேன்."

அக்காவின் கோபம் அவர் மேல் பாயப் பார்த்தது. நடுங்குகிற இரண்டையும் சேர்த்துப் படுக்கவைத்த மனிதரை என்னவென்று திட்டுவது? "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

கம்பவுண்டர் டாக்டரைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டார். "மறுநாளே சொன்னேங்க."

அக்கா டாக்டரின் பக்கம் திரும்பினார். இவ்வளவு நாள் மூட்டை மூட்டையாக உள்ளே கிடந்ததெல்லாம் அவிழ்ந்தது.

"அப்ப நான் வந்து நின்ன அன்னிக்கு உங்களுக்குத் தெரியும்."

"அம்மா, உள்ள வாங்க. உட்கார்ந்து பேசிக்கலாம்."

"இத்தனை நாளா உள்ள விடாதவர் இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க? இங்கயே பேசுங்க. தெரியுமா, தெரியாதா?"

"சந்தேகம்தான் இருந்துச்சு. உறுதியா தெரியாது."

"சந்தேகம் இருந்துச்சுன்னா ஒரு போன் போட்டு அவங்களை வரச்சொல்லியிருக்கலாம். அரைமணி நேர வேலை. அதை விட்டுட்டு என்னைப் பைத்தியக்காரி மாதிரி நிக்க வெச்சு, அடையாளம் சொல்லுங்கன்னு சிரிச்சீங்க. இந்தப் பெஞ்சு முழுக்கச் சிரிச்சுது. நான் வீட்டுக்குப் போய் நமக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு கண்ணாடியப் பாத்தேன். தப்பு செய்யறது மனுஷ குணம், விடுங்க. ஆனா செஞ்ச தப்பை மறைக்க என் புத்தியைச் சந்தேகப்பட வெச்சீங்க பாருங்க, அதுக்கு எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

"இனிமே உங்க பூனைக்கு எப்ப வந்தாலும் நானே இலவசமா..."

"வாயை மூடறதுக்கா?"

இந்தக் களேபரத்துக்கு நடுவே கண்ணாடிக்கடைக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக்கூடாது. எங்களுக்கு இந்தப் பூனை நல்லா ஒட்டிக்கிச்சு. உங்களுக்கும் அது பழகியிருக்கும். இப்படியே இருந்துட்டா..."

அக்காவுக்குப் பதில் சொல்லும் அவசியமே வரவில்லை. "உங்களை இங்க விட்டுட்டு, அமைதியா இருக்கிற இன்னொருத்தரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றார் அவர் மனைவி, டைகரைக் கூடையிலிருந்து வாரி எடுத்துக்கொண்டே. டைகர் அவர் தோளில் தலையை முட்டியபடி கத்திக்கொண்டே இருந்தது. அவருடைய கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா பெட்டியைத் திறந்து மசியைத் தம் கூடைக்குள் விட்டார். பட்டையை மாற்றிக் கட்டினார். யாரையும் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

வீட்டில் நடந்தது அவர் எதிர்பார்த்தது இல்லை. கூடையிலிருந்து இறங்கிய மசி அவர் சேலையை மோந்து பார்த்தது. அதில் முழுக்க டைகர் வாசனை. முதுகைத் தூக்கிக்கொண்டு சீறிவிட்டு, கணவரின் சட்டை தொங்கிய ஆணிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. "இன்னொரு பூனையை வெச்சுக் கொஞ்சிட்டிருந்தியான்னு கேக்குது" என்றார் கணவர். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "கோவிச்சுக்கோ. நல்லாக் கோவிச்சுக்கோ. உன்னைக் கொண்டுபோய் விட்டவ நான்தானே" என்றார். கண்ணில் நீர் கட்டியது அப்போதுதான்.

கணவர் மசியைப் புரட்டி வயிற்றைப் பார்த்தார். "ஏம்மா, தையல் பிரிக்கலியே?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். சண்டை போட்ட வேகத்தில், போன காரியத்தையே மறந்துவிட்டு வந்திருந்தார். இன்னொரு பிராணி ஆஸ்பத்திரி இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. "நாளைக்கு அங்க போகலாம், நானும் வரேன்" என்றார் கணவர்.

"எதுக்கு அங்க போகணும்? தைச்சவர் பிரிக்கட்டும். தப்பு செஞ்சவர் இருக்கிற இடத்துக்குப் போக நான் ஏன் வெக்கப்படணும்?"

மறுநாள் காலை அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மசி மடியில் துண்டுக்குள். ரிசப்ஷன் பெண் கூண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கூண்டு வேண்டாம்மா. அந்தக் கதவுக்குள்ள என் பூனை போகாது. அவரை வெளிய வரச்சொல்லு."

அவள் உள்ளே போனாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நீலக் கதவு முழுசாகத் திறந்து, டாக்டர் கத்தரியும் தட்டுமாக வெளியே வந்தார். பின்னால் கம்பவுண்டர் ஒரு மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா மசியைப் பெஞ்சில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டார். பெஞ்சு தாழ்வு. டாக்டர் வேறு வழியில்லாமல் தரையில் மண்டி போட்டார்.

கத்தரி நுனி ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டு வெட்டியது. மசி ஒருமுறைகூடத் துள்ளவில்லை. அவ்வளவு லேசான கை. கடைசி நூலை உருவியபின் டாக்டர் நிமிராமலே, "மன்னிச்சுக்குங்கம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார். கிட்டே இருந்த அக்காவுக்கும் கம்பவுண்டருக்கும் மட்டும் கேட்கிற குரல்.

"அன்னிக்கு நீங்க சிரிச்சது இந்தப் பெஞ்சு முழுக்கக் கேட்டுச்சு டாக்டர்."

டாக்டர் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "இவங்க பூனையை நாங்க மாத்திக் கொடுத்துட்டோம். இவங்க வந்து சொன்னப்ப எனக்குச் சந்தேகம் இருந்தும் இல்லைன்னு சொன்னேன். தப்பு என்னுது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மசியைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கோபம் தீர்ந்திருந்தால் சொல்லியிருப்பார், தீரவில்லை. வாசற்படியில் நின்று திரும்பினார்.

"முதல்ல அந்த இன்னொரு சூட்டு விளக்கை ரிப்பேர் பண்ணுங்க" என்றார்.